நுண்ணுயிர்கள் பாஸ்பரஸை உண்டு தீர்த்துவிடும் என்பது உண்மையா?

மதகு:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியல் படித்தவன் அல்லன். எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனிக்கும் குழுவில் ஒருவன் என்ற அளவிலேயே இந்த இழையைத் தொடங்குகிறேன். நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் ஒரு சிறிய குளத்தில் சேர்கிறது. அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. ஆயினும் வெயில் ஏறத் தொடங்கியதும் குளம் பச்சைச் சாயத்தைக் கரைத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, வெளியேறும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸ் இருப்பதாகவும் அதுவே காரணம் என்றும் கூறினார்கள்.

சென்ற வாரம் ஒரு விற்பனையாளர் வந்து, தம்மிடமுள்ள நுண்ணுயிர்ப் பொடியைக் குளத்தில் தூவினால் அவை பாஸ்பரஸை உண்டு செரித்துவிடும் என்று உறுதியளித்தார். சுத்திகரிப்பு நிலையங்களிலேயே நுண்ணுயிர்களைக் கொண்டு பாஸ்பரஸை நீக்கும் முறை ஒன்று இருப்பதாகவும் படித்திருக்கிறேன். இவை இரண்டும் ஒன்றுதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

தெளிநீர்:

வணக்கம், மதகு ஐயா. உங்கள் கேள்வியில் உள்ள "உண்டு செரித்துவிடும்" என்ற சொற்றொடரில்தான் சிக்கல் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உண்டால் அதில் ஒரு பங்கு கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. நைட்ரஜனுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, வேறு சில அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றோடு சேர்த்துவிடுகின்றன. பாஸ்பரஸுக்கு இந்த வாசல் கிடையாது. சாதாரண நிலைமைகளில் குறிப்பிடத்தக்க அளவில் வாயுவாக மாறி நீரைவிட்டு வெளியேறும் சேர்மம் எதுவும் அதற்கு இல்லை. அது நீரில் கரைந்திருக்கும், அல்லது ஏதேனும் ஓர் உயிரின் உடலுக்குள் இருக்கும், அல்லது சேற்றில் படிந்திருக்கும். நுண்ணுயிர் அதை எடுத்துக்கொண்டது என்றால், இப்போது அது அந்த நுண்ணுயிருக்குள் இருக்கிறது என்பதே பொருள். அந்த நுண்ணுயிரை நீரிலிருந்து வெளியே எடுத்தால் பாஸ்பரஸும் வெளியேறும்; எடுக்காவிட்டால் அது செத்து அழுகும்போது நீருக்கே திரும்பும்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். நன்னீர் ஏரிகளில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே பாசி மிகுதி பற்றிய கவலை தொடங்கிவிடுகிறது. மிதக்கும் பாசியின் உடலில் 106 கரி அணுக்களுக்கும் 16 நைட்ரஜன் அணுக்களுக்கும் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு என்ற விகிதம் சராசரியாகக் காணப்படுகிறது. இதைக் கணக்கிட்டால், 1 கிராம் பாஸ்பரஸ் 100 கிராமுக்கும் மேற்பட்ட உலர்ந்த பாசியை உருவாக்கப் போதுமானது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள ஆய்வு ஏரிகளில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-இல் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கரிமத்தையும் நைட்ரஜனையும் மட்டும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றுடன் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. அந்த ஏரியை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பாசிபடர்:

தெளிநீர் அவர்களின் விளக்கம் நன்று. ஆனால் அனுபவத்தையும் ஒதுக்கிவிட இயலாது. நான் பராமரிக்கும் மீன் குளத்தில் இத்தகைய பொடி ஒன்றை இரு பருவங்கள் பயன்படுத்தினேன். மூன்று வாரங்களில் நீர் தெளிந்தது, சேற்றின் துர்நாற்றமும் குறைந்தது. பாஸ்பரஸ் எங்கும் போகவில்லை என்றால் இந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

நுண்ணோக்கி:

பாசிபடர் அவர்களே, நீங்கள் கண்ட மாற்றத்தை நான் மறுக்கவில்லை. நாற்றம் குறைந்ததற்கு, சேர்த்த பாக்டீரியாக்கள் சேற்றிலுள்ள கரிமப் பொருளைச் சிதைத்தது காரணமாக இருக்கலாம். நீர் தெளிந்ததற்கு, பாசி மடிந்து அடியில் படிந்தது காரணமாக இருக்கலாம். பொடி இல்லாமலும் அப்படி நடப்பதுண்டு. பாதிக் குளத்தில் பொடி இடாமல் விட்டிருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நீர் தெளிவதும் பாஸ்பரஸ் குறைவதும் வெவ்வேறு அளவீடுகள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடியில் படிந்த பாஸ்பரஸ் அங்கேயே அடங்கிக் கிடப்பதும் இல்லை. ஆக்சிஜன் இருக்கும்வரை அதன் ஒரு பகுதி இரும்புச் சேர்மங்களோடு பிணைந்து சேற்றில் நிற்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு ஒடுக்கமடைந்து கரைகிறது, பிணைந்திருந்த பாஸ்பேட்டும் (நீரில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) விடுபட்டு மேலே வருகிறது. சுவீடனில் டிரும்மன் என்ற ஆழமற்ற ஏரிக்குக் கழிவுநீர் வருவதை 1950-களின் இறுதியில் நிறுத்தினார்கள், ஆனாலும் ஏரி தேறவில்லை. 1970-71 ஆண்டுகளில் அடிச்சேற்றை உறிஞ்சி அகற்றிய பிறகே பாஸ்பரஸ் அளவு இறங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியோ, 1960-களில் கழிவுநீரைத் திசைதிருப்பிய உடனே விரைவாகத் தெளிந்துவிட்டது. அது ஆழமான ஏரி. நீங்கள் இருவரும் பேசும் குளங்கள் டிரும்மன் வகையைச் சேர்ந்தவை என்றே ஊகிக்கிறேன்.

இனி, சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது என்ன என்பதற்கு வருகிறேன். எந்தப் பாக்டீரியாவும் வளரும்போது சிறிது பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளும். தொட்டியில் திரண்டு படியும் பாக்டீரியாச் சேற்றைத்தான் கசடு என்கிறோம். சாதாரணக் கசட்டின் உலர் எடையில் பாஸ்பரஸ் 1.5 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். சில பாக்டீரியாக்கள் மட்டும் தேவைக்கு மேல் பாஸ்பேட்டை உள்ளிழுத்து, நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, பாலிபாஸ்பேட் மணிகளாகச் சேமிக்கின்றன. இவை மிகுந்துள்ள கசட்டில் பாஸ்பரஸ் 5 முதல் 7 விழுக்காடு வரை ஏறுவதுண்டு. நைசர் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அவை கருநீல மணிக் கொத்துகளாகத் தெரியும். என் வேலையில் இன்றும் சலிக்காத காட்சி அது.

இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கசடு வழக்கத்துக்கு மாறாக மிகுதியான பாஸ்பரஸை எடுக்கிறது என்பதை இந்தியாவில் சீனாத், சாஸ்திரி, பிள்ளை ஆகியோர் 1959-இல் வெளியிட்டார்கள். 1965-இல் அமெரிக்காவில் லெவினும் ஷப்பிரோவும், உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கும் ஒரு நஞ்சைச் சேர்த்தால் இந்த எடுப்பு தடைபடுகிறது என்று காட்டி, இது உயிர்ச் செயல்தான் என நிறுவினார்கள். 1970-களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் அதைத் தொட்டிகளின் வரிசையாக வடிவமைத்தார். பொறியியல் இவ்வளவு தூரம் நடந்துவிட்ட பிறகும், வேலையைச் செய்யும் பாக்டீரியா எது என்பதில் குழப்பம் நீடித்தது. ஆய்வகத் தட்டில் எளிதாக வளர்ந்ததால் அசினெட்டோபாக்டர் என்பதையே நெடுங்காலம் காரணமாகக் கருதினார்கள். மரபணு வழியில் தேடியபோது, முதன்மையான பங்கு வேறொன்றுக்கு என்று தெரிந்தது. அதற்கு 1999-இல் அக்குமுலிபாக்டர் என்று பெயரிட்டார்கள். தனி வளர்ப்பில் பிரித்தெடுக்கப்படாததால் அந்தப் பெயருக்கு முன் "வேட்பாளர்" என்று பொருள்படும் லத்தீன் அடைமொழி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மதகு:

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம். நான் படித்த விளக்கப்படத்தில் முதல் தொட்டியில் காற்று ஊதப்படுவதில்லை என்றும், அங்கே இந்தப் பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டை நீருக்குள் வெளியிடுகின்றன என்றும் இருந்தது. நீக்க வேண்டியதை முதலில் ஏன் வெளியிட வைக்க வேண்டும்? அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

தெளிநீர்:

அச்சுப்பிழை அன்று, ஐயா. அந்த வெளியீடுதான் முறையின் உயிர்நாடி. உள்ளே வரும் கழிவுநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், காற்றில்லாத் தொட்டியின் முடிவில் அது 20 அல்லது 30 வரைகூட ஏறலாம். அடுத்த தொட்டியில் காற்றூட்டியதும் அது 1-க்குக் கீழே இறங்கிவிடும்.

நகையை அடகு வைத்து விதைநெல் வாங்கும் உழவரை எண்ணிக்கொள்ளுங்கள். காற்றில்லாத் தொட்டியில் ஆக்சிஜனும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. ஆகவே அங்கிருக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் முன்னால் உணவு இருந்தும் அதை முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் நிற்கின்றன. அக்குமுலிபாக்டர் மட்டும் தன் பாலிபாஸ்பேட்டை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அசிட்டேட், புரோப்பியோனேட் போன்ற எளிய அமிலங்களை உள்ளே இழுத்து, கொழுப்பையொத்த ஒரு பலபடியாகச் சேமித்துக்கொள்கிறது. கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் கையிருப்பும் இதற்குத் துணைசெய்கிறது. உடைந்த பாஸ்பேட் நீரில் விடப்படுகிறது. இதுதான் அடகு. காற்றுள்ள தொட்டிக்கு வந்ததும், மற்றவை மிஞ்சிய உணவுக்கு அடித்துக்கொள்ள, இது தன் சேமிப்பை எரித்து வளர்கிறது, பெருகுகிறது, அடகு வைத்ததையும் மீட்டு அதற்கு மேலும் பாஸ்பேட்டை எடுத்து வைத்துக்கொள்கிறது. பெருகிய அணுக்களுக்கும் கையிருப்பு வேண்டுமல்லவா? அந்த மிகைதான் நமக்கு இலாபம். பாஸ்பரஸ் நிறைந்த நிலையில் கசட்டின் ஒரு பகுதியை வெளியேற்றுகிறோம், மீதியை முதல் தொட்டிக்குத் திருப்புகிறோம்.

குளத்தில் தூவும் பொடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகியிருக்கும். குளத்தில் இந்த மாற்றுச் சுழற்சி இல்லாததால் இத்தகைய பாக்டீரியாவுக்கு மற்றவற்றைவிட ஒரு மேலுரிமையும் கிடைப்பதில்லை. கசட்டை வெளியேற்றும் குழாயும் அங்கே இல்லை. நிலையத்தில் எவரும் பாக்டீரியாவை வாங்கி ஊற்றுவதில்லை; சூழலைச் சரியாக அமைத்தால் கழிவுநீரோடு வருபவையே பெருகிக்கொள்கின்றன.

தொட்டிமேற்பார்வை:

பதினெட்டு ஆண்டுகளாக இத்தகைய தொட்டிகளின் நடுவே இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே சொன்னவை யாவும் சரி. ஆனால் படத்தில் இருக்கும் அழகு தொட்டியில் எல்லா நாளும் இருப்பதில்லை.

நான் முன்பு பணிபுரிந்த நிலையமொன்றில், காற்றில்லாத் தொட்டி என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். உண்மையில் அது அப்படி இருந்ததே இல்லை. திருப்பி அனுப்பப்படும் கசட்டோடு நைட்ரேட் ஏராளமாக வந்துகொண்டிருந்தது. நைட்ரேட் இருந்தால் மற்ற பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தி அசிட்டேட்டைத் தின்றுவிடும்; நமக்கு வேண்டியவை பட்டினி. இதைத் தவிர்க்கத்தான் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் அமைப்பில், திரும்பும் கசட்டை முதலில் நைட்ரேட் நீக்கும் தொட்டிக்கு அனுப்பி, அங்கு நைட்ரேட் தீர்ந்த பிறகே காற்றில்லாத் தொட்டிக்குக் கொண்டுசெல்கிறார்கள். எங்கள் நிலையத்தில் ஒரு குழாயை மாற்றியமைக்க ஒப்புதல் வாங்க ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு முழுவதும் பழி பாக்டீரியாவின் மேல்தான்.

அடுத்தது மழை. மழைநீர் புகுந்தால் கழிவுநீர் நீர்த்துப்போகிறது, கூடவே ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. எளிய அமிலங்கள் குறைந்தால் முதல் தொட்டியில் வெளியீடு குறையும்; வெளியீடு குறைந்தால் பின்னர் எடுப்பும் குறையும். நீக்க வேண்டிய ஒவ்வொரு பங்கு பாஸ்பரஸுக்கும் எளிதில் சிதையக்கூடிய கரிமப் பொருள், அதை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவால் கணக்கிட்டு, 10 முதல் 16 பங்கு வரை வேண்டும் என்பது வடிவமைப்பில் வழங்கும் அளவு. விடுமுறை நாட்களில் வேறொரு தொல்லை. வரத்துக் குறைவு, ஆனால் காற்றூதிகள் வழக்கம்போல ஓடுகின்றன. பாக்டீரியா தன் உள்சேமிப்பை வீணாக எரித்துத் தீர்க்கிறது. வரத்து மீண்டும் ஏறும் நாளில் வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் எகிறுகிறது.

இறுதிப் படிவுத் தொட்டியைப் பற்றி எவரும் சொல்லவில்லை. கசட்டில் பாஸ்பரஸ் 5 விழுக்காடு என்றால், வெளியேறும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கசட்டுத் துகள் தப்பிச் சென்றாலே அதில் 0.5 மில்லிகிராம் பாஸ்பரஸ் போய்விடுகிறது. உயிரியல் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் துகள் படியாவிட்டால் உழைப்பு வீண்.

பாசிபடர்:

இவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்றால், படிகாரத்தையோ பெர்ரிக் குளோரைடையோ கலந்து பாஸ்பேட்டைப் படியவைத்துவிடுவதுதானே எளிது? மேலும், வெப்பம் மிகுந்த இடங்களில் இந்தப் பாக்டீரியாக்கள் தோற்றுவிடுகின்றன என்றும் கேள்விப்பட்டேன்.

தொட்டிமேற்பார்வை:

எளிது என்பதில் ஐயமில்லை. பல நிலையங்கள் அதைத்தான் செய்கின்றன. கணக்குப்படி ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஓர் அலுமினியம் அல்லது இரும்பு அணு போதும். நடைமுறையில் அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு வேண்டியிருக்கிறது. மிகக் குறைந்த அளவுக்கு இறக்க வேண்டுமெனில் இன்னும் அதிகம். வேதிப்பொருளுக்குத் தொடர்ந்து செலவிட வேண்டும், கசட்டின் அளவு கூடும், நீரின் காரத்தன்மை குறையும். என் கருத்து: உயிரியல் முறையை முதன்மையாக வைத்து, அது தடுமாறும் நாட்களுக்கென ஒரு வேதிக் கலப்பு அமைப்பைத் தயாராக வைத்திருப்பவரே நிம்மதியாக உறங்குவார்.

நுண்ணோக்கி:

வெப்பம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். காற்றில்லாத் தொட்டியில் அமிலங்களை உறிஞ்சவல்ல இன்னொரு கூட்டமும் உண்டு. காம்பெட்டிபாக்டர் அதில் ஒன்று. அது கிளைக்கோஜனை மட்டுமே ஆற்றலுக்கு நம்பியிருப்பதால் பாஸ்பேட்டை வெளியிடுவதும் இல்லை, பின்னர் எடுப்பதும் இல்லை. உணவை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். வெப்பம் ஏறினால் இந்தக் கூட்டம் வலுப்பெறும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதனால் வெப்பநாடுகளுக்கு இந்த முறை ஒவ்வாது என்ற கருத்து பரவியது. ஆனால் சிங்கப்பூரில் 30 பாகை செல்சியஸ் அளவிலான கழிவுநீரைக் கொண்டே முழு அளவு நிலையங்களில் பாஸ்பரஸ் நீக்கம் நன்றாக நடக்கிறது. ஆகவே வெப்பத்தை மட்டும் காரணம் காட்டிக் கைவிட வேண்டியதில்லை. நீரின் காரகாடித்தன்மை (pH) 7-க்கு மேல் இருப்பதும், அசிட்டேட்டோடு புரோப்பியோனேட்டும் கிடைப்பதும் நமக்கு வேண்டிய கூட்டத்துக்குச் சாதகம்.

டென்மார்க் நிலையங்களில் டெட்ராஸ்பேரா என்ற வகை மிகுதியாகக் காணப்பட்டது. அது சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் நொதிக்கச் செய்தபடியே பாஸ்பேட்டைச் சேமிக்கக்கூடியது. திரும்பும் கசட்டின் ஒரு பகுதியைக் காற்றின்றி நீண்ட நேரம் தனித் தொட்டியில் நிறுத்தி, அமிலங்களை அங்கேயே உண்டாக்கிக்கொள்ளும் அமைப்புகள் இத்தகைய பாக்டீரியாக்களுக்கும் இடம் தருகின்றன. மழைக்காலத் தொல்லைக்கு அது ஓரளவு தீர்வு.

தெளிநீர்:

வெளியேற்றிய கசடு எங்கே போகிறது என்பதையும் பேசிவிட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன கணக்கு அங்கேதான் முடிகிறது. கசட்டைக் காற்றில்லாச் செரிப்புக்கலனில் இட்டு எரிவாயு எடுக்கும்போது, பாலிபாஸ்பேட் உடைந்து பாஸ்பேட் மீண்டும் நீரில் கரைகிறது, கூடவே மெக்னீசியமும் வெளிப்படுகிறது. அங்கே அம்மோனியமும் தாராளமாக இருப்பதால் மூன்றும் சமமாகச் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகிக் குழாய்களில் கல்லாய் இறுகிவிடும். அதே படிகத்தைத் தனிக் கலனில், மெக்னீசியம் உப்பைச் சேர்த்து, நாமே திட்டமிட்டு உருவாக்கினால் அது மெதுவாகக் கரையும் உரம். அதன் எடையில் 12.6 விழுக்காடு பாஸ்பரஸ். 1669-இல் சிறுநீரிலிருந்து பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தவர் ஹாம்பர்க் நகரத்தவர். ஸ்ட்ரூவைட் படிகம் 1845-இல் கண்டறியப்பட்டதும் அதே நகரத்தில்தான். ஜெர்மனியின் 2017-ஆம் ஆண்டு விதிகள், பெரிய நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்கின்றன. பாஸ்பேட் பாறை வளத்தின் பெரும்பகுதி மொராக்கோவில் குவிந்திருக்கும்போது, கசட்டைச் சுரங்கமாகப் பார்ப்பது இயல்புதானே.

மதகு:

பத்து நாட்கள் கழித்து மீண்டும் வருகிறேன். பொடி வாங்கவில்லை. எங்கள் நிலையத்தில் ஒரே தொட்டிதான். நிரப்புதல், காற்றூட்டல், படியவிடல், வடித்தல் எல்லாம் அதிலேயே முறைவைத்து நடக்கின்றன. எங்கள் கசட்டில் வேண்டிய பாக்டீரியா இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஏதேனும் உண்டா?

நுண்ணோக்கி:

உண்டு. காற்றூட்டல் முடியும் தறுவாயில் கசட்டை ஒரு மூடிய குடுவையில் எடுத்து, நைட்ரேட் தீர்ந்துவிட்டதை உறுதிசெய்த பின் சிறிதளவு சோடியம் அசிட்டேட் சேர்த்து, காற்றுப் புகாமல் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கு அரைமணிக்கொரு முறை வடிகட்டிய நீரில் பாஸ்பேட்டை அளவிடுங்கள். கணிசமாக ஏறினால் பாக்டீரியா இருக்கிறது. அமிலம் குறைந்தும் பாஸ்பேட் ஏறாவிட்டால், உணவைப் பங்கு போடும் கூட்டமே அங்கே இருக்கிறது என்று பொருள்.

மதகு:

செய்து பார்த்தோம், ஐயா. ஏறவேயில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் ஏறியது.

தொட்டிமேற்பார்வை:

அது எதிர்பார்த்ததே. உங்கள் தொட்டியில் நிரப்பத் தொடங்கும்போதே காற்றூதிகளும் ஓடுகின்றனவா? அப்படியென்றால், முதல் ஒரு மணி நேரம் காற்றை நிறுத்தி, கலக்கியை மட்டும் இயக்கிக் கழிவுநீரை உள்ளே விடுங்கள். முந்தைய சுற்றின் இறுதியில் நைட்ரேட் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கசடு மாறுவதற்கு அதன் சராசரி வயதைப்போல் மூன்று மடங்கு காலமாவது ஆகும். இரண்டே நாளில் மீண்டும் சோதித்து ஏமாற வேண்டாம். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். வெளியேற்றும் கசட்டை எங்கே வைக்கிறீர்கள், எத்தனை நாள்?

மதகு:

தனித் தொட்டி ஒன்றில் சேர்த்து வைக்கிறோம். வண்டி வரும்வரை, அதாவது பத்து முதல் பதினைந்து நாட்கள் அங்கே கிடக்கும். கசடு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் நீரை வடித்துவிடுவோம். நீங்கள் கேட்ட பிறகு அந்தக் குழாயின் வழியே நடந்து பார்த்தேன். அது சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திரும்பவில்லை. நேராகக் குளத்தின் வரத்துக் கால்வாயில் சேர்கிறது.

தொட்டிமேற்பார்வை:

காற்றின்றி அத்தனை நாள் கிடக்கும் கசடு தன் பாஸ்பேட்டை மீண்டும் நீரில் விட்டுவிடும். அந்த நீரில் ஒரு குப்பியை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அளவு வரும்வரை காத்திராமல் அந்தக் குழாயை இன்றே அடைத்து, நீரைத் தொட்டியின் தலைப்புக்குத் திருப்புங்கள். கசட்டை எடுக்கும் வண்டியையும் நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். காற்றூதிகளின் நேரத்தைப் பிறகு பேசிக்கொள்வோம்.